மணிக்கட்டில் ஒரு சொட்டு

குன்னூரில் ஜெய்தூன் என்றொரு பெண் வாசனைத் திரவியங்கள் செய்துவந்தார். அவரிடம் பாடம் கேட்க மாசிலாமணி வந்து சேர்ந்தார். ஜெய்தூனைவிட வயதில் மிக மூத்தவர். இருந்தாலும் “டீச்சர்” என்றுதான் கூப்பிடுவார்.

மாசிலாமணி தேயிலை ருசி பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு வாய் உறிஞ்சுவார், துப்புவார், அதற்குள் நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடுவார். சொன்னதை ஒருநாளும் மாற்றிக்கொண்டதில்லை.

ஒரு காலையில் ஜெய்தூன் புதிதாகக் கலந்த ஒரு சென்ட் பாட்டிலை நீட்டினார். மாசிலாமணி திறந்து மோந்து பார்த்தார்.

“பேரிக்காய். மிட்டாய் மாதிரி ஒரே இனிப்பு. இது வேண்டாம் டீச்சர், கொட்டிடலாம்.”

ஜெய்தூன் அவருடைய இடது மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்தார். மாசிலாமணி பழக்கதோஷத்தில் இரண்டு கைகளையும் உரசப் போனார்.

“தேய்க்காதீங்க சார். அதுவா வரட்டும்.”

“எது வரட்டும்?”

ஜெய்தூன் பாட்டில்களைக் கழுவப் போய்விட்டார்.

மதியம் டிபன் பாக்ஸைத் திறந்த மாசிலாமணி அப்படியே நின்றார். கையை மூக்கருகே கொண்டுபோனார்.

“டீச்சர், பேரிக்காயைக் காணோம். செண்பகப்பூ வாசம் வருது. மேல எதையாவது போட்டீங்களா?”

“நான் உங்க பக்கமே வரலையே.”

அதற்குப் பிறகு அவருக்கு வேலை ஓடவில்லை. வெளியே மூடுபனி இறங்கியது. அவர் கையை மோப்பதும் யோசிப்பதுமாக இருந்தார். பூ மெல்ல மெல்லப் பின்வாங்கியது. சாயங்காலம் சந்தனமும், அப்போதுதான் இழைத்த மரத்தின் வாசனையும் மட்டும் தோலோடு ஒட்டி நின்றன. மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டார்.

“இது நல்லா இருக்கு டீச்சர். ரொம்ப நல்லா இருக்கு. பழம், பூ, மரம், இதுல எது நிஜமான வாசனை?”

ஜெய்தூன் தன் கையை நீட்டினார். “காலையில நானும் போட்டுக்கிட்டேன். பாருங்க.”

மாசிலாமணி குனிந்து மோந்தார். அங்கே செண்பகம் இன்னும் போகவில்லை. மரத்தின் வாசனை லேசாகத்தான் தெரிந்தது.

“இது வேற பாட்டில்.”

“அதே பாட்டில்தான்.”

“அப்போ ஏன் இப்படி?”

“இது என் தோல். அது உங்க தோல்.”

மாசிலாமணி முக்காலியில் உட்கார்ந்தார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

“போன மாசம் என் பையன் ஒரு பொண்ணைக் கூட்டிட்டு வந்தான். பியூலான்னு பேரு. கட்டிக்கப்போறேன்னு சொன்னான். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தா. ஊர் எதுன்னு கேட்டேன், சிரிச்சா. என்ன படிச்சிருக்கேன்னு கேட்டேன், அதுக்கும் சிரிச்சா. அவ கேட்டைத் தாண்டுறதுக்குள்ள பையனைக் கூப்பிட்டு, இது சரிப்படாதுன்னு சொல்லிட்டேன். அவன் அப்புறம் வீட்டுக்கு வரலை. போன் பண்ணினாலும் எடுக்கறதில்லை.”

ஜெய்தூன் இன்னொரு முக்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தார்.

“சும்மா சும்மா சிரிக்கிறவங்களை எனக்குப் பிடிக்காது டீச்சர்.”

“அந்தப் பொண்ணு எல்லார்கிட்டயும் அப்படித்தான் சிரிக்குமா சார், உங்களைப் பார்த்தா மட்டும்தானா?”

மாசிலாமணி எழுந்தார். குடையை எடுத்துக்கொண்டு, மகன் குடியிருந்த தெருப் பக்கம் நடந்தார்.