டஸ்டர் பாடத்துல பறந்துபோன மைனா

காட்டோரத்துல ஒரு குளம். குளத்தங்கரை மருதமரத்துல ஒரு மைனா. பேரு துரை. யாரும் வச்ச பேரில்ல, இங்கிலீசு தெரியும்னு அவனே வச்சுக்கிட்டது!

துரை நாலு நாள் பள்ளிக்கூடம் போனவன். ஜன்னல் கம்பியில உக்காந்து லெப்பர்ட், கேஜ், ராக், டுடேன்னு வார்த்தை வார்த்தையா பொறுக்குனான். அஞ்சாம் நாள் வாத்தியார் ஒரு டஸ்டர எடுத்தாரு. பெட்டிக்குள்ள வச்சு "இன்"னாரு. மேல வச்சு "ஆன்"னாரு. அடியில வச்சு "அண்டர்"னாரு. திரும்பவும் கையில எடுத்தாரு.

'ஒரு டஸ்டர எங்க வைக்கிறதுன்னே தெரியல. இந்த ஆளுகிட்ட நான் என்னத்தக் கத்துக்க?'

துரை பறந்துட்டான். படிப்பு அதோட சரி.

ஒருநாள் காலையில குளத்தங்கரையில ஜீப் ஒண்ணு வந்து நின்னுச்சு. இறங்குன ரெண்டு ஆபீசருங்களும் இங்கிலீசுலயே பேசுனாங்க. துரை கிளையில உக்காந்து கேட்டான். ஜீப் கிளம்புனதும் முயல் பவுனு ஓடி வந்தா. அவளுக்கு மூணு குட்டி, பொறந்து மூணே நாள். பெரிய பாறைக்கு முன்னாடி புல்லுல படுக்க வச்சிருந்தா.

"துரை தம்பி! என்ன சொன்னாங்க?"

"சிறுத்தையப் பிடிக்க கூண்டு வைக்கப் போறாங்கக்கா. இன்னிக்கே. பாறைகிட்ட!"

பவுனுக்குக் காது ரெண்டும் விறைச்சுப் போச்சு. கூண்டுக்குள்ள ஆட்டக் கட்டுவாங்க. அந்த வாசனைக்கு சிறுத்தை வரும். வர்ற வழியில மூணு குட்டி கெடந்தா சும்மா விடுமா?

"பாறைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

துரைக்கு கேஜ் புரிஞ்சுது. ராக் புரிஞ்சுது. நடுவுல ஒரு குட்டி வார்த்தை இருந்துச்சே, அதான் புரியல.

"அதெல்லாம் சின்ன வார்த்தைக்கா. இங்கிலீசுல சும்மா சத்தத்துக்குப் போடுறது!"

"டேய், என் குட்டிங்கடா! முன்னாடியா, பின்னாடியா?"

அணிலு, கீரி, ரெண்டு தவளை, எல்லாம் அவன் வாயவே பாத்துக்கிட்டு நின்னுச்சுங்க. 'தெரியாதுக்கா'ன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தான். வந்தது வேற.

"முன்னாடி!"

பவுனு மறுகேள்வி கேக்கல. குட்டிங்களைக் கவ்விக் கவ்வி பாறைக்குப் பின்னாடி கொண்டுபோனா. பிஞ்சுங்க, அதுக்கு மேல தூரம் தாங்காது.

துரைக்கு இருப்புக் கொள்ளல. 'தெரியாதுன்னு ஒரு வார்த்தை. அதச் சொல்ல இங்கிலீசு கூட வேண்டாமேடா, முட்டாப்பயலே!' தன்னையே திட்டிக்கிட்டு பள்ளிக்கூடத்துக்குப் பறந்தான்.

வகுப்புச் செவுத்துல சொக்கன் பல்லி. ஆறு வருசமா அதே அஞ்சாங்கிளாஸ்!

"அடடே, துரை! டஸ்டர் இன்னும் இங்கதான்டா இருக்கு!"

"கிண்டல் அப்புறம். இதக் கேளு." துரை ஆபீசர் குரல்லயே, அந்தாளு இருமுன இருமல் உட்பட ஒப்பிச்சான். மைனா ஆச்சே, அர்த்தம் புரியாட்டியும் சத்தம் தப்பாது. "புட் த கேஜ் பிஹைண்ட் த ராக்!"

"பிஹைண்டுன்னா பின்னாடிடா! அன்னிக்கு மத்தியானம் டஸ்டர பெட்டிக்குப் பின்னாடி வச்சுக் காட்டுனாரே! நீதான் காலையிலயே ஓடிட்டியே!"

துரை விழுந்தடிச்சுக்கிட்டுப் பறந்தான். தூரத்துல ஜீப் சத்தம் வேற.

"பவுனு அக்கா! பின்னாடி! கூண்டு பின்னாடி!"

"நீதானேடா முன்னாடின்னே!"

"புளுகுனேன்க்கா! எனக்கு அந்த வார்த்தை தெரியாது! பாதி இங்கிலீசே தெரியாது! நான் துரையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல!"

காடே கேட்டுச்சு. திட்டக்கூட நேரமில்லாம பவுனு குட்டியக் கவ்வுனா. மூணாவது குட்டி முன்பக்கம் வந்து சேரவும், பின்பக்கம் கூண்டு ணங்குன்னு இறங்கவும் சரியா இருந்துச்சு.

மறுநாள் காலையில பாறைக்குப் பின்னாடி கூண்டுக்குள்ள சிறுத்தை உறுமுச்சு. முன்னாடி மூணு குட்டியும் பால் குடிச்சுக்கிட்டு இருந்துச்சுங்க.

"இனிமே உன்னை என்னன்னுடா கூப்பிடறது?" பவுனு கேட்டா.

"டஸ்டர்னு கூப்பிடுக்கா. எங்க இருக்கணும்னு தெரியாம திரிஞ்சது நான்தானே!"

சொல்லிட்டுப் பறந்தான். மணி அடிக்கிறதுக்குள்ள ஜன்னல் கம்பியப் பிடிக்கணுமே!

குட்டி வார்த்தைதானேன்னு எதையும் தள்ளாதீங்க, அப்படியே தள்ளிட்டாலும் 'தெரியாது'ங்கிற இன்னொரு குட்டி வார்த்தையவாவது நேரத்துக்குச் சொல்லிடுங்க!