தாவீதின் கத்தரி

எச்.ஐ.வி. சிகிச்சை மையத்துக்குச் சொந்தக் கட்டடம் வராத காலம் அது. பழைய சைக்கிள் கொட்டகையில்தான் ஆலோசகர் பவுனம்மா உட்கார்ந்திருப்பார். மழை வந்தால் நோயாளிகள், நர்சுகள் எல்லோரும் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு ஒரே மூலையில் ஒண்டுவார்கள். அந்த நெருக்கம் பிறகு வரவே இல்லை.

புதிதாக மாற்றலாகி வந்த டாக்டர் மெய்யழகனுக்கு ஐம்பது வயது. பவுனம்மாவுக்கு முப்பத்தாறு.

"தையல்காரர் தாவீது மாத்திரையைத் திருப்பிக் குடுத்துட்டுப் போயிட்டார்," என்றார் டாக்டர்.

"என்ன கேட்டார்?"

"கிருமி சாகுமான்னு. சாகாதுன்னேன். இதை விட்டா அவருக்கு வேற மருந்து இல்லம்மா. கொல்லாத மருந்தை எப்படி நம்பச் சொல்றது? எனக்குக் கத்துக்குடுங்க."

"பேண்ட் துணி ஒண்ணு எடுத்துக்கிட்டு வாங்க."

மதிய நேரம். கடையில் தாவீது மட்டும் இருந்தார். டாக்டரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பவுனம்மா மேசைமேல் இருந்த பெரிய கத்தரியை எடுத்தார்.

"அதைத் தொடாதீங்க! பொண்டாட்டிக்கே தர மாட்டேன்."

பவுனம்மா ஒரு கோட்டுப் பொத்தானைக் கத்தரியின் வாயில் செருகித் தாவீதிடம் நீட்டினார்.

"டாக்டரோட துணியை வெட்டுங்க."

"இப்படி இருந்தா எப்படி வெட்டும்?"

"வெட்டலைன்னா?"

"துணி துணியாவே கிடக்கும். டாக்டர் வேட்டியோடதான் ஆஸ்பத்திரி வரணும்."

"கிருமியும் உங்க தொழில்தான் பண்ணுது. அதுகிட்டயும் ஒரு கத்தரி இருக்கு, உடம்புக்குள்ள நீளமா துணி மாதிரி ஒண்ணு இருக்கு. அதை வெட்டித்தான் புதுக் கிருமியைத் தைக்கும். இந்த மாத்திரைதான் பொத்தான்."

தாவீது கத்தரியை அசைத்தார். பொத்தான் நழுவி விழுந்தது.

"விழுந்திடுச்சே."

"விழும். அதான் காலையில, ராத்திரி, ரெண்டு வேளை."

"ஆனா அந்தச் சனியன் உள்ளேயேதானே கிடக்கும்? சாகாதுல்ல?"

பவுனம்மா மாத்திரை டப்பாவைத் தையல் மெஷின்மேல் வைத்தார்.

"முன்னெல்லாம் இதைக் குளிர்ச்சியில வைக்கணும். எங்க வீட்டில ஃபிரிட்ஜ் இல்ல. பிளாஸ்டிக் கவர்ல சுத்தித் தண்ணிப் பானைக்குள்ள போட்டு வெச்சிருந்தேன். தண்ணி மொள்ளும்போது சொம்புல டொக்குன்னு இடிக்கும். இன்னும் காதுல இருக்கு அந்தச் சத்தம்."

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். அதுவரை அவருக்குத் தெரியாது.

"எத்தனை வருஷமாச்சு?" என்றார் தாவீது மெல்ல.

"ஒம்பது. அதுவும் சாகலை, நானும் சாகலை."