தாண்டவன் கரடியின் கூண்டு வண்டி

மலையடிவாரத்துச் சுனையோரம் தாண்டவன் என்ற கரடி தன் மனைவி செம்பியோடு வாழ்ந்துவந்தான். அவர்களிடம் ஒரு கூண்டு வண்டி இருந்தது. அந்தக் காட்டில் வேறு யாருக்கும் வண்டி கிடையாது.

மனிதர்கள் எப்போதோ மலைப்பாதையில் விட்டுப்போன வண்டி அது. தாண்டவன் மூங்கில் வளைத்து அதற்குக் கூரை போட்டான். உள்ளே காய்ந்த புல்லை மெத்தையாகப் பரப்பினான். மழை ஓய்ந்ததும் நுகத்தடியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவான். செம்பி உள்ளே உட்கார்ந்து வழி சொல்லுவாள். தை மாதம் தேன்பாறை, மாசியில் ஆற்றங்கரை, பங்குனி பிறந்தால் இலுப்பைத் தோப்பு. தோப்பில் வண்டியை நிறுத்தினால் கூரைமேல் பொத்துப் பொத்தென்று பூ விழும். இருவரும் படுத்தபடியே கையை வெளியே நீட்டிப் பொறுக்கித் தின்பார்கள்.

பிறகு தாண்டவனுக்கு முட்டி பிடித்துக்கொண்டது. செம்பிக்குக் கண் மங்கியது. மூன்று வருடமாக வண்டி சுனைக்கரையை விட்டு நகரவே இல்லை.

நகராவிட்டாலும் அது வேலை வாங்கியது. மழைக்கு முன் கூரை மாற்ற வேண்டும். மழை விட்டதும் கரையான் தட்ட வேண்டும். அச்சு துருப்பிடிக்காமல் வேப்பெண்ணெய் தடவ வேண்டும். கிழங்கு தோண்டப் போக வேண்டிய காலைப்பொழுதெல்லாம் வண்டிக்கே போயிற்று. பல நாள் இருவரும் அரை வயிற்றோடு படுத்தார்கள்.

இந்த வருடம் மாசி பிறந்ததும் அவளுக்கு இருமல் கண்டது. தேன் நக்கியும் அடங்கவில்லை. உடம்பு கரைந்துகொண்டே வந்தது. ஒரு காலை அவள் கணவனைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, இலுப்பைப் பூ தின்னணும்போல இருக்கு. இந்தப் பங்குனிக்குப் போயிட்டு வந்திருவோமா?"

"அதுக்கென்ன, வண்டியைச் சரி பண்ணிடறேன். சுகமா உட்கார்ந்து வரலாம்" என்றான் தாண்டவன்.

"வண்டி எதுக்கு? இப்போ எனக்கு நடக்கத் தெம்பு இருக்கு. உட்கார்ந்து உட்கார்ந்து மெல்லப் போனா நாலு நாள்தானே."

"வீட்டுல வண்டியை வச்சுக்கிட்டு உன்னை நடத்திக் கூட்டிட்டுப் போவேனா?"

அன்றே அவன் வேலையைத் தொடங்கினான். ஆனால் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று உதிர்ந்தது. ஆரக்காலைத் தட்டினால் சக்கரம் பிளந்தது. சக்கரத்துக்கு மரம் தேடி ஒரு வாரம் அலைந்தான்.

அந்த வழியாக ஈட்டியான் என்ற முள்ளம்பன்றி வந்தான். வெள்ளத்தில் வளை இடிந்து, பெண்டாட்டி பிள்ளைகளோடு பாறையிடுக்கில் கிடந்தவன். மலைச்சரிவில் மண் சரிந்து வண்டித் தடம் பாதிக்குமேல் போய்விட்டதென்று அவன் சொன்னான். புதர் வழியாக ஒற்றையடிப் பாதை இருக்கிறது, நானே கூட வந்து காட்டுகிறேன் என்றான். கடைசியில் தயங்கித் தயங்கி, வண்டியைத் தங்களுக்குக் குடியிருக்கக் கொடுக்க முடியுமா என்றும் கேட்டான்.

தாண்டவனுக்குச் சுருக்கென்றது. வண்டிமேல் கண் வைத்துத்தான் இவன் தடம் போய்விட்டதென்று கதை கட்டுகிறான் என்று நினைத்தான். முதுகைத் திருப்பிக்கொண்டான். ஈட்டியான் போய்விட்டான்.

ஆனாலும் அன்று மாலை தாண்டவன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். இது இனி நமக்கு எதற்கு? இழுக்க முட்டி இல்லை, வழி பார்க்க அவளுக்குக் கண் இல்லை. கொடுத்துவிடலாம் என்றுகூட ஒரு கணம் முடிவு செய்தான். அப்போது கை நுகத்தடியில் பட்டது. அவன் தோள் அழுந்தி அழுந்தி அந்த இடம் குழிந்து வழுவழுவென்று இருந்தது. இதைக் கொடுத்துவிட்டால் நான் யார் என்று அவனுக்குத் தோன்றியது. மறுபடியும் உளியை எடுத்தான்.

வண்டி தயாரானபோது சித்திரை பாதி கழிந்திருந்தது. செம்பியால் எழுந்திருக்க முடியவில்லை. அவளைத் தூக்கி உள்ளே கிடத்தினான். முட்டி விண்விண்ணென்று தெறிக்க, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். முதல் மலைத் திருப்பத்தில் நின்றுவிட்டான்.

தடம் இல்லை. ஈட்டியான் சொன்னது அத்தனையும் உண்மை. ஒரு சக்கரம் ஊன்றும் அகலத்துக்கு மண் இருந்தது. அதற்கப்பால் பள்ளம்.

"ஏன் நின்னுட்டீங்க?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

அவன் நுகத்தடியைக் கீழே போட்டான். அவளை இறக்கி, குட்டியைச் சுமப்பதுபோல் முதுகில் ஏற்றிக்கொண்டு புதருக்குள் நுழைந்தான். வண்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகில் அவள் கனமே தெரியவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

ஐந்தாம் நாள் தோப்புக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மரங்களில் ஒரு பூ இல்லை. எல்லாம் பச்சைக் காயாக நின்றது.

"பூ கிடக்கா?" என்று செம்பி கேட்டாள். அவளுக்கு எதுவும் தெரியவில்லை.

தாண்டவன் மண்டியிட்டுச் சருகைக் கிளறினான். மரம் மரமாகக் கிளறினான். ஒரு வேரிடுக்கில் கறுத்துச் சுருங்கிய பூ ஒன்று அகப்பட்டது. அதைக் கொண்டுவந்து அவள் வாயில் வைத்தான். அவள் வெகுநேரம் மென்றாள்.

"இனிக்குது" என்றாள். பிறகு, "நடந்தே வந்திருக்கலாம்" என்றாள்.

பொழுது சாய்வதற்குள் அவள் மூச்சு நின்றது.

தாண்டவன் அவளை அங்கேயே இலுப்பை மரத்தடியில் புதைத்தான். சுனைக்கு அவன் திரும்பவே இல்லை. அடுத்த பங்குனியில் பூ கொட்டி நிலம் வெளுத்துக் கிடந்தது. மற்றக் கரடிகள் கூட்டமாக வந்து தின்றன. அவன் ஒரு பூவையும் தொடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, ஒதுங்கிப் போயின.

பயன் தீர்ந்த பொருளைப் பழைய நாளுக்காகக் கட்டிக் காப்பவன், கையில் மிச்சமிருக்கும் நாளையும் இழப்பான்.