ஸ்பெயின் ராஜா கிழங்காகாமல் தப்பிய கதை

செம்பவளத்துறையை ஆண்ட கோடைமாற பூபதியின் சபையில் மணவாளப் புலவர் என்று ஒருவர் இருந்தார். ‘சர்வபாஷா சண்டமாருதம்’ என்று தமக்குத் தாமே பட்டம் சூட்டிக்கொண்டவர். எந்த நாட்டான் வந்து இறங்கினாலும், “அவன் பாஷையா? அதையெல்லாம் எப்போதோ கரைத்துக் குடித்தாயிற்று” என்பார்.

ஒருநாள் ஸ்பெயின் கப்பல் ஒன்று துறைக்கு வந்தது. அதில் பீரங்கி நிறைய. கப்பலின் தலைவனான கப்பித்தானுக்கோ கோபம் அதைவிட நிறைய. தன் ராஜாவை யாரோ பழித்தார்கள் என்று, பக்கத்துத் துறையின் சுங்கச்சாவடியையே சுட்டுத் தரைமட்டமாக்கிவிட்டு வந்திருந்தான்.

பூபதி உடனே புலவரைக் கூப்பிட்டார். “புலவரே, ‘கப்பித்தானே, உங்கள் ராஜா எங்களுக்குத் தகப்பன்’ என்று அவன் பாஷையிலேயே நாளைக்குச் சபையில் சொல்லிவிடும்.”

“இதென்ன பிரமாதம்! தகப்பனுக்கு அங்கே ‘பாப்ப’ என்று பெயர்.”

விதூஷகன் குழைக்காதனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவன் அன்று காலைதான் அந்தக் கப்பலில் விருந்து சாப்பிட்டவன். அவர்கள் பேச்சில் நாலு சொல் காதில் விழுந்திருந்தது.

“புலவரே, அசை பிரித்துப் பாருங்கள். பப், பா. கடைசி அசையை அழுத்தினால்தான் தகப்பன். முதல் அசையை அழுத்தினால் உருளைக்கிழங்கு!”

“எனக்கே அசை பிரிக்கக் கற்றுத்தருகிறாயா? அழுத்தமாவது கிழுத்தமாவது! போடா!”

குழைக்காதன் யோசித்தான். ராஜாவைக் கிழங்கு என்றால் கப்பித்தான் சும்மா விடுவானா? ஊரே சாம்பலாகிவிடும்.

மறுநாள் சபையில் அவன் புலவரை ஒட்டி நின்றுகொண்டான். புலவர் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

“கப்பி…”

குழைக்காதனின் குதிகால் புலவரின் கட்டைவிரல்மேல் இறங்கியது.

“…தாஆன்!”

தன் ஊர்க்காரன் போலவே கடைசி அசையை அழுத்திக் கூப்பிடுகிறாரே என்று கப்பித்தான் வியந்து நிமிர்ந்தான். புலவர் ‘உங்கள் ராஜா எங்களுக்குத் தகப்பன்’ என்ற இடத்துக்கு வந்தார்.

“சு ரெய் எஸ் ப…”

இந்த முறை குதிகால் சுண்டுவிரலில், கால் ஆணிமேலேயே இறங்கியது.

“…ப்பாஆஆ!”

புலவரின் கண்களில் தாரை தாரையாகக் கண்ணீர். தன் ராஜாமேல் இவருக்கு இத்தனை பாசமா என்று கப்பித்தான் உருகிப்போனான். தொப்பியைக் கழற்றி, புலவரைக் கட்டிப்பிடித்து, இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தான். சிரித்த முகத்தோடு கப்பலுக்குத் திரும்பிப் பாய் விரித்துப் போய்விட்டான்.

அவன் தலை மறைந்ததும் புலவர் அலறினார். “மன்னா! இந்தப் பாவி என் காலை நசுக்கிவிட்டான்!”

“நிஜமா, குழைக்காதா?”

“நிஜம்தான், மன்னா. அழுத்தத்தை எங்கே வைக்கவேண்டும் என்று நேற்றே சொன்னேன். புலவர் தலையில் ஏறவில்லை. அதனால் காலில் வைத்தேன்.”

பூபதி வயிறு குலுங்கச் சிரித்தார். தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்துக் குழைக்காதனுக்குப் போர்த்தினார். “இனி எந்த நாட்டான் வந்தாலும் நீ புலவர் பக்கத்திலேயே நில்!”

புலவர் இரண்டு கால்களையும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“மன்னா, எனக்குத் தமிழைத் தவிர எந்தப் பாஷையும் தெரியாது!”