முன்னே எழுபவர்

அருவிக்கு அருகிலிருந்த குகையில் தவமிருந்த வடிவாம்பிகைக்குச் சீடர் ஒருவரே. பெயர் ஆவுடையப்பன், ஆசிரியையைவிடப் பத்து வயது மூத்தவர். விடிந்ததும் நாற்பது வழுக்குப் படிகள் ஏறி, மேற்சுனையிலிருந்து நீர் கொண்டுவருவது அவருடைய பணி.

அன்று மூன்றாம் படியிலிருந்து குடம் உருண்டு வந்தது. பின்னாலேயே அவரும் உருண்டு வந்தார்.

"தாயே, இக்குகையில் ஏதோ இருக்கிறது" என்றார், நெற்றிக் குருதியைத் துடைத்தபடி.

"என்ன இருக்கிறது?"

"பேய். படுத்திருக்கும்வரை தொடுவதில்லை. எழுந்தால் போதும், தலையிலுள்ள குருதியை உறிஞ்சிக்கொண்டு கீழே தள்ளுகிறது. கண் இருண்டுவிடுகிறது. நாற்பதாம் படியில் அது வந்தால் என் எலும்பைக்கூடப் பொறுக்க முடியாது."

"உம்மிடம் உறிஞ்ச என்ன இருக்கிறதென்று வந்ததாம்?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"எப்போதிலிருந்து?"

இருமுறை கேட்ட பிறகே அவருக்கு விளங்கியது. "ஒரு மாதமாக."

"அதற்கு முன் என்ன செய்தீர்?"

ஆவுடையப்பன் அருவியைப் பார்த்தார்.

வடிவாம்பிகை பாறைத்தரையில் படுத்துக் கண்களை மூடினார். "என் நாடியைப் பிடியும்."

பிடித்தார். பனிமூட்டம் உள்ளே நுழைந்து அவ்வுடலை மூடியது. நாடி நின்றுவிட்டதோ என்று அஞ்சும் அளவுக்கு மெல்ல நடந்தது. திடீரென வடிவாம்பிகை எழுந்தார். தலை தரையைவிட்டுப் பிரிந்த அக்கணமே, கால் ஊன்றுவதற்கும் முன்பே, ஆவுடையப்பனின் விரல்களுக்குக் கீழே நாடி துள்ளி விரைந்தது. அவர் திடுக்கிட்டுக் கையை விட்டார்.

"உள்ளே யாரோ..."

"ஆம். எனக்கு முன்னே எழுந்துவிட்டார்."

"யார் அவர்?"

"காதின் உட்குகையில் இருப்பவர். சுண்ணாம்புத் துகளினும் சிறிய கற்கள் அவரிடம் உண்டு. தலை அசைந்தால் அவை சரியும். சரிந்தவுடன், குருதி காலுக்கு இறங்குமுன் குழாய்களை இறுக்குங்கள் என்று உடலெங்கும் சொல்லியனுப்புவார்."

"ஐம்பது ஆண்டுகளில் அவர் குரலை நான் கேட்டதேயில்லையே."

"நீர் கேட்பதற்காக அவர் பேசவில்லை. இப்போது நீர் படுத்து எழும்."

எழுந்தார். இருள் வந்தது. வெளிச்சம் திரும்பியபோது அவர் ஆசிரியையின் தோளில் சாய்ந்திருந்தார். அவருடைய மணிக்கட்டில் ஆசிரியையின் விரல்கள் இருந்தன.

"நீர் எழுந்தபோது உள்ளே ஒருவரும் எழவில்லை" என்றார் வடிவாம்பிகை. "கழுத்தில் இன்னொருவர் இருக்கிறார். குருதி இறங்கிய பிறகே அவருக்குத் தெரியும். சற்றுமுன் வந்து உம் இருளை விலக்கியவர் அவர்தான். இனி உட்கார்ந்து, அவர் வரும்வரை காத்திருந்து எழும்."

"காதிலிருந்தவருக்கு என்ன ஆயிற்று?"

"அதை நீர்தான் சொல்ல வேண்டும்."

ஆவுடையப்பன் மீண்டும் அருவியைப் பார்த்தார். அதன் இரைச்சல் அவருக்குப் பஞ்சில் பொதிந்ததுபோலக் கேட்டது.

"தியானத்தில் அந்த இரைச்சலைப் பொறுக்க முடியவில்லை, தாயே. எருக்கம்பாலை ஏழு நாள் இரு காதிலும் விட்டேன். பாதி அடங்கியது."

வடிவாம்பிகை குடத்தை எடுத்துக்கொண்டு முதற்படியில் கால் வைத்தார்.

"அப்படியானால் என்னைத் தள்ளுவது யார்?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

அவர் திரும்பி, சீடருக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

"ஒருவரும் தள்ளவில்லை. பிடித்துக்கொண்டிருந்தவர் போய்விட்டார்."