முரசுக்காரர் போட்ட ஓலை

ரொம்ப காலத்துக்கு முன்னால் நெல்லிமலை நாட்டை வானவராயன் என்ற ராஜா ஆண்டுவந்தார். அவர் அரண்மனையில் முரசு கொட்டிச் செய்தி சொல்லும் செங்கோடனின் வேலையை ஒருநாள் பறித்துவிட்டார்கள். அப்படி என்ன பெரிய குற்றம்? ஏரிக்குழுத் தேர்தலில் ஊராரோடு வரிசையில் நின்று, தனக்குப் பிடித்தவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்துக்குள் போட்டார். அவ்வளவுதான்! ஏன், அவர் வீட்டார் அந்த ஏரித் தண்ணீரைக் குடிப்பதில்லையா?

கோள் மூட்டியவர் பிரபு மார்த்தாண்டர். அவருடைய மைத்துனர் அந்தத் தேர்தலில் ஒரே ஓலை வித்தியாசத்தில் தோற்றிருந்தார்.

"அரண்மனைச் சம்பளம் வாங்குகிறவனுக்குச் சொந்த அபிப்பிராயம் எதற்கு மகாராஜா? இன்று ஓலை போடுவான், நாளைக்கு உங்கள் முரசையே எவனுக்காவது கொட்டுவான்!"

ராஜாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இனி என்னிடம் சம்பளம் வாங்கும் எவருக்கும் எதைப் பற்றியும் அபிப்பிராயம் கூடாது!" என்று ஆணை போட்டார்.

நல்லவேளை, அந்த நாட்டுக்கு நல்லமங்கை மந்திரியாக இருந்தார். அவர் இருந்த திசைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் எனக்கு மேலே கதை ஓடும். மந்திரி ஊழியர்களைக் கூப்பிட்டு, "ஆணையை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றுங்கள்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் ராஜா குதிரை லாயத்துக்குப் போனார். "இந்தக் குதிரை சாதுதானே?"

"நாலு கால் இருக்கிறது மகாராஜா. குணத்தைச் சொன்னால் அது அபிப்பிராயம் ஆகிவிடுமே!" என்றார் லாயக்காரர்.

ஏறினார் ராஜா. அடுத்த நொடி வைக்கோல் போருக்குள் கிடந்தார். ஓடிவந்த வைத்தியரிடம், "இடுப்பு ஒடிந்துவிட்டதா ஐயா?" என்று அலறினார்.

"தாங்கள் அலறுவது கேட்கிறது மகாராஜா. முறிவா, சுளுக்கா என்று சொல்ல எனக்கு ஏது உரிமை?"

இடுப்பைப் பிடித்துக்கொண்டு ராஜா சபைக்கு வந்தார். மார்த்தாண்டர் குதித்தார். "இந்தத் திமிர்பிடித்தவர்கள் எல்லாரையும் விரட்டுங்கள் மகாராஜா!"

நல்லமங்கை திரும்பினார். "பிரபுவே, உங்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது?"

"அரண்மனையிலிருந்துதான்."

"அப்படியானால் இப்போது வாயைத் திறந்து சொன்னீர்களே, அது யாருடைய அபிப்பிராயம்?"

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவும் சிரித்தார், இடுப்பு வலியோடு. ஆனாலும் விடவில்லை. "என் முரசை எவனுக்காவது கொட்டினால்?"

"அது தப்புதான். அதைத் தடுங்கள், நானே துணை நிற்கிறேன்" என்றார் நல்லமங்கை. "முரசு உங்களுடையது. ஓலை அவருடையது." சபைக்கு வரவழைத்திருந்த முரசுக்காரரிடம் திரும்பினார். "செங்கோடரே, தேர்தலன்று முரசு எங்கே இருந்தது?"

"மண்டபத்து ஆணியில் தொங்கியது அம்மா. அரண்மனைத் தலைப்பாகையையும் அங்கேயே கழற்றி வைத்துவிட்டு, வெறுங்கையோடுதான் போனேன்."

ராஜா தலைகுனிந்தார். வேலை திரும்பக் கிடைத்தது. நல்லமங்கைக்கு ராஜா தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தார். ஊழியர் எவரும் அரண்மனை முரசோடோ தலைப்பாகையோடோ யாருக்கும் ஆதரவு திரட்டக் கூடாது, ஆனால் ஓலை போடுவதை எவரும் தடுக்கவும் கூடாது என்று புதிய ஆணை பிறந்தது. அதை ஊருக்குச் சொல்லச் செங்கோடன் போகும்போது முரசைச் சுமக்கும் வேலை மார்த்தாண்டருக்கு!

செங்கோடன் கண்கலங்க மந்திரியை வணங்கினார். அப்புறம் ராஜாவை வணங்கினார். ராஜாவுக்கு ஆவல் தாங்கவில்லை. குனிந்து மெதுவாகக் கேட்டார்:

"எனக்கு மட்டும் சொல்லப்பா. ஓலையில் யார் பெயரை எழுதினாய்?"

"வேலையைத் திருப்பித் தந்தீர்கள், என் பிள்ளைகுட்டிகள் உங்களை வாழ்த்தும் மகாராஜா. முரசைத் தொட்டால் நீங்கள் சொன்னதை ஊருக்கெல்லாம் சொல்வேன். ஓலையில் எழுதியதை உங்களுக்குக்கூடச் சொல்ல மாட்டேன்."