தணிகாசலத்தின் ரம்ப மேசை

தணிகாசலம் கல்லூரி நூலகராக இருந்து ஓய்வுபெற்றவர். அவருக்கு மரவேலை கற்றுக்கொடுத்த ஹெலனுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். வகுப்பில் மற்றவர்களைப் போல அவரும் டீச்சர் என்றே கூப்பிட்டார்.

வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு மேசை ரம்பம் வாங்கிப் போட்டிருந்தார். மேசையின் நடுவில் வட்ட பிளேடு தலையை நீட்டிக்கொண்டு சுற்றும். கட்டையை அதன்மேல் தள்ளி அறுக்க வேண்டும். வாங்கின நாளிலிருந்தே அதன்மேல் அவருக்கு ஆசையும் பயமும் சரிபாதி. விரல் போய்விடுமோ என்ற நினைப்பிலேயே அதற்கு ஒவ்வொரு பாதுகாப்பாகச் சேர்த்துக்கொண்டே வந்தார்.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் டீச்சரிடம் கேட்டார்.

"ரம்பத்துக்கு எல்லாப் பாதுகாப்பும் பண்ணிட்டேன், டீச்சர். இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கா?"

"வந்து பார்க்கிறேன், சார்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் டீச்சர் வந்தார். தணிகாசலம் கையைப் பிடித்து அழைத்துப்போகாத குறையாக ஷெட்டுக்குக் கூட்டிப்போனார். பிளேடுக்கு மேல் கண்ணாடி மாதிரி மூடி. அறுத்த கட்டை உதைத்துத் திரும்பி வராமலிருக்கப் பின்னால் ஒரு தகடு. கை கிட்டப் போகாமல் தள்ளுவதற்குக் கைப்பிடி வைத்த தள்ளுகட்டை. நீளப் பலகை சரிந்து விழாமலிருக்க மேசையை இரண்டு பக்கமும் பலகை வைத்து இழுத்துவிட்டு, வழவழவென்று தேய்த்திருந்தார். டீச்சர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

தணிகாசலம் ஒரு பலகையை அறுத்துக் காட்டினார். பாதியில் கரண்ட் போனது. பிளேடு சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. தணிகாசலத்துக்கு அதுவும் வசதியாகப் போயிற்று. பலகையை உருவி வைத்துவிட்டு, மூடியைத் தூக்கி, பிளேடின் பல்லைத் தொட்டுக் கூர்மையை விளக்க ஆரம்பித்தார்.

"இப்படி வாசல்கிட்ட வாங்க, சார். அங்க இருட்டா இருக்கு," என்றார் டீச்சர்.

அவர் பேச்சை விடாமலே வாசலுக்கு வந்தார். டீச்சர் வாசலோரச் சுவரில் இருந்த பிளக்கின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

அந்த நேரத்தில் தணிகாசலத்தின் மனைவி புனிதவதி உள்பக்கக் கதவு வழியாகக் காபித் தட்டோடு வந்தாள். தட்டை ரம்ப மேசைமேல் வைத்தாள். பிளேடைச் சுற்றி மரத்தூள் கிடந்தது அவள் கண்ணில் பட்டது. தோளில் கிடந்த துணியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினாள்.

டீச்சர் விறுவிறுவென்று போனார். புனிதவதியின் மணிக்கட்டைப் பிடித்தார். "அக்கா, இங்க வாங்களேன்," என்று வாசலுக்கே இழுத்து வந்துவிட்டார். துணி பிளேடின் மேலேயே கிடந்தது.

முதன்முதலாக வீட்டுக்கு வந்தவர் இப்படிக் கையைப் பிடித்து இழுப்பாரா என்று தணிகாசலத்துக்குச் சங்கடமாக இருந்தது. அதை மறைக்கக் காபியை எடுக்கப் போனார். டீச்சர் குறுக்கே கையை நீட்டினார்.

"ஆறிடும், டீச்சர்."

"ஆறட்டும்."

மூன்று பேரும் வாசலோரம் நின்றார்கள். புனிதவதி கணவனைப் பார்த்தாள். அவருக்கும் புரியவில்லை. டீச்சர் அவள் மணிக்கட்டை விடவே இல்லை.

கரண்ட் வந்தது.

ரம்பம் அலறிக்கொண்டு எழுந்தது. துணியைக் கவ்வி இழுத்தது. கிழிந்த முனை சாட்டை மாதிரி மேசையை அடித்தது. டம்ளர்கள் பறந்து சுவரில் மோதின. டீச்சர் பிளக்கை உருவினார்.

சத்தம் அடங்கியபிறகும் தணிகாசலத்தின் காதில் அது ஓடிக்கொண்டிருந்தது. சுவரிலிருந்து காபி வழிந்தது. மேசைக்கு அடியில் சுவிட்ச், அவர் பலகை அறுக்கப் போட்டது போட்டபடியே இருந்தது. கரண்ட் போனதும் அதை அணைக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

புனிதவதி தன் வலது கையை முகத்துக்கு நேரே தூக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்களை மடக்கினாள், விரித்தாள். பிறகு அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கையைப் பிடிக்க நினைத்தார் தணிகாசலம். தன் விரலைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். சற்றுமுன் அதே பல்லைத் தடவிய விரல்.

டீச்சர் பக்கம் திரும்பினார்.

"சுவிட்ச் போட்டிருக்குன்னு தெரிஞ்சும் நீங்க சொல்லலையே, டீச்சர்."

"வகுப்புல சொன்னேன், சார். தலையாட்டினீங்க."

டீச்சர் தன் பையிலிருந்து ஒரு புதிய சுவிட்சை எடுத்துக் கொடுத்தார். பச்சைப் பொத்தான் ஒன்று, சிவப்புப் பொத்தான் ஒன்று. கரண்ட் போனால் தானாகவே அணைந்துவிடும். திரும்ப வந்தாலும், ஒருவர் பச்சையை அழுத்தினால்தான் ஓடும். தணிகாசலம் மண்டியிட்டு அதைப் பொருத்தினார். திருகாணி திரும்பத் திரும்ப நழுவியது. டீச்சர் உதவிக்கு வரவில்லை. முடிந்ததும் பிளக்கைச் செருகி ரம்பத்தை ஓடவிட்டு, மெயினை அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தார்கள். பிளேடு அசையவில்லை.

தணிகாசலம் எழுந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"இப்போ சரியா, டீச்சர்?"

டீச்சர் படியில் போய்ப் புனிதவதியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அக்கா, அந்த மேசைல வேற என்னல்லாம் வைப்பீங்க?"

புனிதவதி யோசித்தாள். துணி மடிக்கிறது அதில்தான். கீரை ஆய்கிறது அதில்தான். மழைக்காலத்தில் வடகத்தட்டையும் அங்கேதான் வைப்பாள். இவர் இழுத்துவிட்டதிலிருந்து இந்த வீட்டில் அவ்வளவு பெரிய மேசை வேறு இல்லை. உயரமும் முதுகு வலிக்காமல் வாகாக இருக்கிறது. இத்தனையையும் அவள் குற்றம் ஒப்புக்கொள்கிற மாதிரி சின்னக் குரலில் சொன்னாள்.

தணிகாசலம் கேட்டுக்கொண்டே நின்றார். அவள் தினமும் அந்த பிளேடுக்குப் பக்கத்தில் கீரை ஆய்கிறாள் என்பது அவருக்கு இன்றுதான் தெரியும். மூடி, தகடு, தள்ளுகட்டை எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தார். ரம்பம் வாங்கியதிலிருந்து அவர் அறுத்த மரமெல்லாம் அந்த ரம்பத்துக்கே போயிருந்தது.

"நான் என்ன பண்ணணும், டீச்சர்?"

டீச்சர் எழுந்து பையைத் தோளில் மாட்டினார்.

"அக்காவுக்கு ஒரு மேசை செய்யுங்க, சார்."